பருத்தி போன குடோனும் பேஸ் கிட்டார் அத்தையும்

கோவில்பட்டியில் கடலை மிட்டாயைக் கடிக்காமல் தின்ற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் வாயில் போட்டதும் 'கடக்' என்று சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவருக்கும் எச்சில் ஊறிவிடும். எங்களோடு பேஸ் கிட்டார் வாசித்த அத்தை மட்டும் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வாயை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். பாகு கரைந்து, கடலை ஒவ்வொன்றாகக் கழன்று, அதுவாகவே தீர வேண்டும். நாங்கள் மூன்று துண்டு தின்றுவிட்டுக் கையைத் தட்டும்போது அவருக்கு முதல் துண்டில் பாதி மிச்சம் இருக்கும்.

"கடிச்சா தீந்திரும்லா அண்ணே" என்பார்.

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் லோடு வண்டியில் என்னோடு நாகலாபுரம் வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். வண்டியில் எங்கள் இசைக்குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டது மொத்தம் இரண்டு ஆல்பம். முதலாவதுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'சண்டை ஆல்பம்'. இரண்டாவதுக்கு 'தூக்க ஆல்பம்'. "ரெண்டுலயும் அதே மூணு பேருதானப்பா? பெறகு ஏன் இது மட்டும் இப்படி மெதுவா இருக்கு?" என்று மூத்தவள் கேட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவுக்குப் பெயர் 'உரசல்'. தீப்பெட்டி செய்கிற ஊரில் வேறு என்ன பெயர் வைப்பது. செல்வம் மாமா பாடுவார், கிட்டாரும் வாசிப்பார். நான் டிரம்ஸ். பகலில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு லோடு அடிப்பேன். அதற்கு முன்னால் கோவில் கொடைத் திருவிழாக்களுக்குப் போகிற பாட்டுக் கச்சேரியில் டிரம்ஸ் அடித்துப் பழகியவன். கொடையில் அடிப்பவனுக்கு ஒரே வேலைதான், கூட்டத்தை உட்கார விடக் கூடாது. நானும் உட்கார விட்டதில்லை. மூன்றாவது ஆள் அந்த அத்தை. அவருக்கு பேஸ் கிட்டார். நாலே நாலு தடித்த கம்பி. அதன் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும்.

அவரை எனக்கு முதலில் தெரிந்தது பாட்டினால் இல்லை, ஊசியினால். மூத்தவளே, நீ நடக்கப் பழகிய வயதில் உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. ரத்தம் கொடுக்க லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசியைப் பார்த்ததும் நீ வீறிட்டு அழுதாய். நானும் உன் அம்மாவும் உன் கையை அமுக்கிப் பிடித்தோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எங்கள் கையை எடுத்துவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அழாதே என்று சொல்லவில்லை. பொம்மை காட்டவில்லை. சும்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இந்தப் பிள்ள அழுது முடிக்கதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி சாப்பிட்டே வந்திருவேன் போலயே."

"சாப்பிட்றாதீங்க தாத்தா, ஒங்களுக்கு வெறும் வயித்துல எடுக்கணும்" என்றார் அந்தப் பெண், திரும்பாமலே.

வரிசை சிரித்தது. யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க நீ அழுகையை நிறுத்தினாய். அப்போதும் அவர் ஊசியை எடுக்கவில்லை. உன் விசும்பல் கடைசியாக ஒன்று வந்து, பிறகு இன்னொன்று வந்து, அதுவும் நின்ற பிறகுதான் எடுத்தார். நீ அவருடைய பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சில மாதம் கழித்து செல்வம், தன்னோடு கல்லூரியில் படித்த ஒரு பெண் பேஸ் கிட்டார் வாசிப்பாள், கூட்டி வருகிறேன் என்றார். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கியது அந்த லேப் பெண்தான். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்குக் காய்ச்ச விட்டுட்டா அண்ணே?"

அன்றிலிருந்து அவர் உங்களுக்கு அத்தை.

எதையும் அது முடிகிற வரைக்கும் விடுவதுதான் அத்தையின் குணம். போனில் பேசினால், நாம் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நான் எத்தனையோ தடவை ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறேன். "இருக்கேன் அண்ணே, வேற எதும் சொல்லுதீங்களான்னு பாத்தேன்" என்பார். உங்கள் அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அவரோடு பேசிய பிறகுதான் மனசில் இருப்பது முழுசாக வெளியே வருகிறது என்பாள். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது.

மேடையில் அதைவிட மோசம். ஒரு கல்லூரி விழாவில் நாங்கள் வாசித்தோம். எங்கள் முதல் ஆல்பத்தைப் பிள்ளைகள் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்த காலம். ஒரு பாட்டு முடிந்ததும் கையோடு அடுத்த பாட்டை ஆரம்பித்தால்தான் சூடு ஆறாது என்பது என் கணக்கு. நான் குச்சியைத் தூக்கிவிட்டேன். அத்தை கையை உயர்த்தி என்னைப் பார்த்தார். கடைசியாக அடித்த கம்பி அவர் விரலுக்குக் கீழே இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அது முழுசாக அடங்குகிற வரைக்கும் கை இறங்கவில்லை.

"என்ன, கரண்டு போயிருச்சா?" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்.

"ஏலே, அந்த அக்கா தூங்கிட்டாகடா" என்று இன்னொருவன்.

கூட்டம் ஊளையிட்டது. செல்வத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தை கடலை மிட்டாய் தின்கிற அதே முகத்தோடு நின்றார். இறங்கி வரும்போது செல்வம் அவரோடு பேசவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் செல்வம் பக்கம்.

இப்போது குடோன் கதைக்கு வருகிறேன்.

செல்வத்தின் அப்பா பருத்தி வியாபாரி. நான் அவரை முதலாளி என்று கூப்பிடுவேன், அத்தை மாமா என்பார். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய குடோன் அவருக்கு உண்டு. முதல் ஆல்பத்தை அதில்தான் பதிவு செய்தோம். அது பங்குனி மாதம். கரிசல் காட்டுப் பருத்தி எல்லாம் எடுத்து முடித்து, மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு சின்னச் சந்து. அதற்குள் மூன்று பேரும் முட்டிக்கொண்டு நின்று வாசித்தோம். வியர்வை, பஞ்சுத் தூசி, தும்மல். நான் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் மூட்டைக்குள் போய் அமுங்கிவிடும். அதனால் இன்னும் ஓங்கி அடித்தேன். சண்டை ஆல்பத்தில் நீங்கள் கேட்கிற அந்த 'டப் டப்' எல்லாம் அப்படி வந்ததுதான்.

இரண்டாவது ஆல்பத்துக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தப்பான கணக்குப் போட்டோம். போன தடவை இடமே இல்லாமல் திணறினோமே, இந்தத் தடவை பருத்தி எல்லாம் வித்துப் போன பிறகு வைத்துக்கொள்வோம் என்றார் செல்வம். முதலாளியும், ஆடியில் குடோன் சும்மாதானே கிடக்கும், ஆடி முடியும் வரை எடுத்துக்கோங்க என்றார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடோனைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, டிரம்ஸை நட்ட நடுவில் அரண்மனையில் சிம்மாசனம் போடுகிற மாதிரி போட்டேன். பாட்டு எல்லாம் முதல் ஆல்பம் மாதிரியே வேகமாகத் தயார் செய்து வைத்திருந்தோம். இந்த முறை நல்ல ஒலிப்பதிவு வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார் செல்வம். தங்கமான மனிதர். மைக் எல்லாம் கட்டிவிட்டு, அடிங்க அண்ணாச்சி என்றார்.

அடித்தேன்.

பிள்ளைகளா, வெறும் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கத்திப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான். ஒரு அடி அடித்தால் கூரை பத்து அடியாகத் திருப்பிக் கொடுத்தது. நான் அடுத்த அடி அடிப்பதற்குள் முந்திய அடி சுவரில் போய் முட்டித் திரும்பி வந்து அதோடு மோதியது. செல்வம் பாடுவது எனக்குக் கேட்கவில்லை. போன தடவை எதிரொலியை விழுங்கி நல்ல சத்தம் கொடுத்தது பருத்தி மூட்டை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதை நாங்களே காத்திருந்து அனுப்பிவிட்டு, காலி இடத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

பழைய சாக்கைத் தொங்கவிட்டோம். முதலாளி வீட்டு மெத்தையை எல்லாம் கொண்டுவந்து சுவரில் சாய்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அத்தனை பெரிய குடோனுக்கு நாலு மெத்தை எந்த மூலைக்கு.

மறுநாள் அந்த மதுரைக்காரர் செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். செல்வம் என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாட்டையும் கிட்டாரையும் எப்படியும் சமாளித்துவிடலாமாம். டிரம்ஸ்தான் எல்லாவற்றையும் கலைக்கிறதாம். டிரம்ஸை மட்டும் அவர் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடுவாராம். இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கேட்கிற ஆளுக்கு வித்தியாசமே தெரியாதாம்.

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. இந்த ஆல்பத்தில் நான் இல்லாமல் இருந்தால், அடுத்த மேடையிலும் நான் தேவைப்பட மாட்டேன். லோடு ஏற்றுகிறேன், இறக்குகிறேன், வீட்டுக்கு வந்து தூங்குகிறேன். அதற்கு மேல் எனக்கென்று இருந்தது அந்த டிரம்ஸ் ஒன்றுதான். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே குச்சிகளைப் பையில் போட்டேன்.

அத்தை சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம் போல எல்லாரும் பேசி முடிகிற வரைக்கும் விட்டார். பிறகு எழுந்து, கிட்டாரில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கி, மடித்து, மதுரைக்காரர் மேசைமேல் வைத்தார்.

"அப்பம் பேஸையும் அதுலயே போட்டுக்கிடுங்க சார்" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குடோன் அதையும் ஒரு தடவை திருப்பிச் சொன்னது.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் செல்வம்.

"எனக்கு அண்ணன் அடிக்கதைக் கேட்டுத்தான் வாசிக்கத் தெரியும். மிசின் அடிச்சா எனக்கு வராதுலே."

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். மதுரைக்காரர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னிடம் வந்து, குச்சியை வெளிய எடுங்க என்றார். எடுத்தேன். முதலில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மை ஒரே ஒரு தடவை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கையை உயர்த்தினார். அந்தச் சத்தம் கூரையில் ஏறி, கடைசிச் சுவர் வரைக்கும் போய், திரும்பி எங்களிடம் வந்து, கால்மாட்டில் படுத்தது. அது படுத்த பிறகு கையை இறக்கினார்.

"இப்பம் அடுத்தது அடிங்க."

அடித்தேன். மறுபடி கை உயர்ந்தது.

"இன்னும் மெதுவா. தொட்டா போதும். மிச்சத்தை அது பாத்துக்கிடும்."

எது பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. குடோனைச் சொன்னார். அந்தக் குடோனோடு மல்லுக்கட்டாமல், அது பேசி முடிக்க இடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கம்பியைத் தட்டினார். நான் ஒரு அடி தொட்டேன். இரண்டும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்பின. எங்கள் பழைய பாட்டு ஒன்றை அந்த நடையில் வாசித்தோம். பாதியில் செல்வம் வாசலில் வந்து நின்றார். நின்றவர் அங்கிருந்தே பாட ஆரம்பித்தார். கத்தாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. அவர் குரல் அவ்வளவு நல்ல குரல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பருத்தி மூட்டைக்கு நடுவில் அவரும் என்னை மாதிரியே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தயார் செய்து வைத்திருந்த பாட்டை எல்லாம் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கை பரபரக்கும். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். செல்வம் தினமும் ஒரு தடவையாவது சண்டை பிடிப்பார். முதல் ஆல்பத்தைக் கேட்டு ஆடினவர்கள் இதைக் கேட்டால் தூங்கிவிடுவார்கள் என்பார். போகிறவர்கள் போகட்டும், இருக்கிறவர்களுக்கு வாசிப்போம் என்று அத்தை பதில் சொல்லிவிட்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்.

ஆடிக் காற்று வேறு. கூரையில் ஒரு தகரம் கழன்று, காற்று அடிக்கும்போதெல்லாம் 'டிர்ர்' என்று ஆடும். மதுரைக்காரர் ஆணி அடிக்கச் சொன்னார். பிறகு அவரே ஒரு நாள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, அது கிடக்கட்டும் அண்ணாச்சி என்றார். இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் ஏதோ புது வாத்தியம் என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அது அந்தத் தகரம்தான்.

ஆல்பம் வெளியே வந்ததும் செல்வம் பயந்தது நடந்தது. டீக்கடையில் ஒருவர், என்ன அண்ணாச்சி, இந்தத் தடவை பேட்டரி இறங்கிப்போச்சா என்று கேட்டார். பழைய மாதிரி இல்லை என்றுதான் நெட்டில் நிறையப் பேர் எழுதினார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆட்கள் வந்தார்கள். இதில் பாட்டு மாறிவிட்டது, ஆனால் இந்த மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பது இப்போதுதான் தெரிகிறது என்று முன்பின் தெரியாத ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதைச் செல்வம் எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அத்தையின் பழக்கம் எங்களுக்கும் ஒட்டிவிட்டது.

சின்னவனே, நீ பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். எதைப் பாடினாலும் தூங்காத பிள்ளை நீ. இந்த ஆல்பத்தைப் போட்டால் மூன்றாவது பாட்டுக்குள் கண் செருகிவிடும். அதைச் செல்வத்திடம் சொன்னபோது, "நான் அன்னைக்கே சொன்னம்லா, தூங்கிருவாங்கன்னு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அத்தையும் சிரித்தார், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

பிறகு அத்தைக்கு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. வீட்டு நிலைமைக்குப் போக வேண்டியிருந்தது, போனார். நாங்கள் அவரை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். உங்கள் அம்மா கடலை மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தாள். அந்த வயரை எனக்காக அவர் மடித்து வைத்ததற்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. அத்தை பஸ் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பாதி வார்த்தை என்னிடமே நின்றுபோனது. மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தூக்க ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நேற்று வரைக்கும் நீங்கள் முழுசாகக் கேட்டதே இல்லை. என் கடைசி அடி விழுந்ததும், முடிந்துவிட்டது என்று சின்னவன் அடுத்த பாட்டுக்குப் பட்டனை அமுக்கிவிடுவான். நேற்றுச் சாயங்காலம் ஓட்டப்பிடாரத்திலிருந்து நாம் திரும்பி வரும்போதும் அவன் கை போனது. நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, என் கையை உயர்த்தினேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள்.

டிரம்ஸ் சத்தம் குடோன் கடைக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தகரம் ஒரு தடவை ஆடியது. குடோனுக்கு வெளியே அன்றைக்குப் போன ஆட்டுக் கூட்டம் ஒன்று எங்கோ கத்தியது. அதற்குப் பிறகு அத்தையின் குரல், ரொம்பத் தாழ்வாக.

"முடிஞ்சிருச்சா அண்ணே?"

பதிவில் அடுத்து வருவது என் குரல்.

"இன்னும் இல்ல."

மதுரைக்காரர் இந்த இரண்டு பேச்சையும் வெட்டிவிடலாம் என்றார். டிரம்ஸ் எப்போ முடியுதுன்னு அண்ணன்தான சொல்லணும், கிடக்கட்டும் என்று அத்தை விடச் சொன்னார். அப்படித்தான் அந்த ஆல்பத்தின் கடைசி வார்த்தை என்னுடையதாக ஆனது.

சின்னவன் பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெளியே உழுது போட்ட கரிசல் காடு. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.